வண்டியின் நாடியும் துபாஷியின் கதையும்

வைத்தியர் ஒருவர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஒரு காலத்திலே மோட்டார் வண்டிகளைத் திருத்துவோரும் ஏறத்தாழ இம்முறையையே கையாண்டு வந்தனர். நீண்ட ஸ்குறூ ட்றைவர் ஒன்றின் நுனியை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே எழும் ஓசையைக் கொண்டே பழுது இன்ன இடத்திலுள்ளது என்று கூறிவிடும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. புகையின் நிறமும், தீப்பொறிச் செருகியின் நுனியிற் படிந்த கரியும் அவர்களுக்கு ஏடுகளாக விளங்கின.

இன்று அந்தக் காட்சி பெரிதும் மாறிவிட்டது. வண்டியைத் திருத்துபவர் முதலில் எஞ்சின் மூடியைத் திறப்பதில்லை. ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே மறைந்திருக்கும் ஒரு செருகுவாயைத் தேடுகின்றார். உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை அதிற் செருகுகின்றார். அப்பெட்டி மேசைமீதுள்ள கணினியோடு பேசுகின்றது. கணினி வண்டியோடு பேசுகின்றது. வண்டி தன் நோயைத் தானே கூறுகின்றது.

வண்டியின் மொழி வேறு. கணினியின் மொழி வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, ஒருவர் கூறியதை மற்றவருக்கு உணர்த்தும் அந்தச் சிறு பெட்டியைத் துபாஷி என்றே நாம் அழைக்கலாம். கச்சேரிகளிலும் வர்த்தகசாலைகளிலும் துபாஷிமார் வகித்த இடம் எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கறிவர். துபாஷி தவறாக மொழிபெயர்த்தால் குற்றமற்றவன் தண்டனை பெறுவான். இந்தத் துபாஷிப் பெட்டியையும், அதனைப் பராமரிக்கும் மென்பொருளையும் ஏன் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கின்றது? அதற்குரிய விடை ஒரு நீண்ட வரலாற்றினுள்ளே அடங்கியிருக்கின்றது. அந்த வரலாறு பணிமனையில் தொடங்கவில்லை. ஒரு நகரத்தின் வானத்தில் தொடங்குகின்றது.

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு விசித்திரமான புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாகையால், பகைவர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்று அஞ்சியவர்களும் உளர். தொழிற்சாலைகளின் மீதே முதலில் பழி விழுந்தது. பின்னர், கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற இரசாயன விஞ்ஞானி உண்மையை வெளிப்படுத்தினார். ஒல்லாந்து நாட்டிற் பிறந்த அவர், அன்னாசிப்பழத்தின் நறுமணம் எவற்றாலாயது என ஆராய்ந்து கொண்டிருந்தவர். மோட்டார் வண்டிகளினின்றும் எண்ணெய்த் தொழிலினின்றும் வெளிப்படும் ஆவிகள் சூரிய ஒளியின் துணையோடு ஒன்றோடொன்று தாக்கமுற்றே இம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை அவர் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். ஒவ்வொரு குடிமகனும் அன்போடு துடைத்துப் பேணிய வண்டியே நகரத்தின் மூச்சை அடைத்தது என்பதை ஏற்றுக்கொள்வது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை.

1967ஆம் ஆண்டிற் கலிபோர்ணியா மாநிலம் தனது வளிவளச் சபையை அமைத்தது. ஹாகன்-ஸ்மித்தே அதன் முதல் தலைவரானார். 1970ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தூய வளிச் சட்டத்தைப் பெரிதும் வலுப்படுத்தியது. வண்டிகள் வெளியிடும் நச்சுப்பொருள்களுக்குக் கடுமையான எல்லைகள் விதிக்கப்பட்டன.

இந்த எல்லைகளைப் பழைய காபுறேற்றரைக் கொண்டு எட்டுதல் அரிதாயிற்று. காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவைக் கணத்துக்குக் கணம் அளந்து திருத்தும் கூர்மையான அறிவொன்று எஞ்சினுக்குத் தேவைப்பட்டது. அந்த அறிவை மின்னணுவியல் வழங்கியது. 1960களின் பிற்பகுதியிலேயே ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம், பொஷ் நிறுவனத்தின் மின்னணு முறையிலான பெற்றோற் செலுத்தியைத் தன் வண்டிகள் சிலவற்றிற் பொருத்தியிருந்தது. 1976ஆம் ஆண்டிற் புகைக்குழாயில் எஞ்சியுள்ள ஒட்சிசனை அளக்கும் உணரி, சுவீடன் நாட்டு வொல்வோ வண்டியொன்றில் இடம்பெற்றது. 1981ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பெற்றோற் கார்களில் எஞ்சினை ஆளும் கணினியைப் பரவலாகப் புகுத்தியது.

கணினி புகுந்ததும் ஒரு புதிய இடர்ப்பாடு எழுந்தது. கம்பிகளினூடே ஓடும் சைகையைக் காது கேட்காது, மூக்கு முகராது. அனுபவம் முதிர்ந்த மெக்கானிக்குங்கூடத் தம் கைத்திறன் அங்கே செல்லாததைக் கண்டு திகைத்தார். ஆகவே, பழுதைக் கணினியே நினைவில் வைத்திருந்து வெளியே சொல்லும் ஏற்பாடு வேண்டப்பட்டது.

முதலில் அந்த ஏற்பாடு மிக எளியதாக இருந்தது. பல வண்டிகளிற் குறித்த இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டினால் இணைத்தால், ஓட்டுநரின் முன்னுள்ள சிறு விளக்கு மின்னத் தொடங்கும். ஒரு தடவை மின்னி, சற்றே நின்று, இரண்டு தடவை மின்னினால், அது 12ஆம் இலக்கக் குறியாகும். தந்தி நிலையத்திற் சைகைகளை எண்ணுவதுபோல இவற்றை எண்ணிக் கைந்நூலைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஜெனரல் மோட்டோர்ஸ் வண்டிகளில் ஒரு செருகுவாய் இருந்தது. தொழிற்சாலையில் வண்டியைப் பரிசோதிப்பதற்கென அமைக்கப்பட்ட அதனூடாகத் தொடக்கத்தில் விநாடிக்கு 160 பிட் அளவான தகவலே வெளிவந்தது. இன்றைய கண்ணுக்கு அது ஆமை நடையே.

ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் செருகுவாய் வேறு, அது அமைந்த இடம் வேறு, குறிகளின் பொருளும் வேறு. ஒருவர் 12 என்றதை மற்றொருவர் வேறாகப் பொருள் கொண்டார். பத்து வகை வண்டிகளைத் திருத்தும் சிறு பணிமனைக்குப் பத்துக் கருவிகளும் பத்து நூல்களும் தேவைப்பட்டன. கலிபோர்ணியா 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து வண்டிகளிலே சுயபரிசோதனை ஏற்பாடு இருத்தல் வேண்டுமெனக் கட்டளையிட்டது. எனினும், பழுதை வண்டி அறிதல் வேண்டும் என்று கூறிய அந்த முதற் கட்டளை, எந்த மொழியிற் கூறுதல் வேண்டும் என்று விதிக்கவில்லை.

இக்குறையை நிவிர்த்தி செய்ததே இரண்டாவது கட்டளையாகும். ஓ.பி.டி. இரண்டு என்று தொழிலாளர் இன்றும் அழைக்கும் அந்த ஏற்பாடு, 1994ஆம் ஆண்டு மாதிரிகளிற் படிப்படியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாயிற்று. 16 முனைகளைக் கொண்ட ஒரே வடிவான செருகுவாய் ஓட்டுநரின் ஆசனத்துக்கு அண்மையில் அமைந்தது. அதன் 16ஆம் முனையிற் பற்றரியின் மின்சாரம் எப்பொழுதும் இருக்கும்; 4ஆம், 5ஆம் முனைகள் நிலத்தொடர்பாகும். பழுதுக்குறிகளும் ஒழுங்கு பெற்றன. முதலாவது எழுத்து எஞ்சினா, உடற்பகுதியா, அடிச்சட்டமா, செய்தித் தொடர்பா என்பதைக் காட்டும். இரண்டாவதாக வரும் பூச்சியம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி என்பதை உணர்த்தும். பி 0301 என்றால் முதலாவது சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்பது டெற்றோயிற்றிற் செய்த வண்டிக்கும் தோக்கியோவிற் செய்த வண்டிக்கும் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியம் இதனையொத்த விதியைப் பெற்றோல் வண்டிகளுக்கு 2001ஆம் ஆண்டிலும், டீசற் கார்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் நடைமுறைப்படுத்தியது.

செருகுவாய் ஒன்றாயிற்று, மொழி ஒன்றாகவில்லை. இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடமாகும். ஜெனரல் மோட்டோர்ஸ் ஒரு முறையிலே சைகை அனுப்பியது. போட் நிறுவனம் மற்றொரு முறையிலே அனுப்பியது. ஐரோப்பிய, ஆசிய வண்டிகள் சருவதேச நியம நிறுவனத்தின் வேறு இரண்டு முறைகளைக் கையாண்டன. ஐந்தாவதாகச் சேர்ந்தது கான் என்னும் முறை. பொஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த இம்முறையிலே, வண்டியிலுள்ள கணினிகள் யாவும் இரண்டு கம்பிகளைப் பொதுவாகப் பகிர்ந்துகொண்டு, முறை தவறாமல் ஒன்றோடொன்று பேசுகின்றன. 2008ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தே அமெரிக்காவில் விற்கும் கார்கள் யாவும் பரிசோதனைக்குக் கான் முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. அதற்கு முந்திய வண்டிகள் இன்றும் வீதியில் ஓடுகின்றன. ஆதலின், துபாஷியாக நிற்கும் பெட்டி ஒரு மொழியை மாத்திரம் கற்றிருந்தாற் போதாது. இறந்துபோன மொழிகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

இதுவரை கூறியது வண்டி சொல்வதைக் கேட்கும் கலை. 1990களில் இன்னுமொரு கலை வளர்ந்தது. அதுதான் வண்டிக்குப் புதிய அறிவைப் புகட்டும் கலை. எஞ்சினை ஆளும் கட்டளைகள் முன்னர் அழியாத நினைவகத்தில் எழுதப்பட்டன. மாற்ற வேண்டுமாயின் அத்துண்டையே கழற்றி வேறொன்றைப் பொருத்துதல் வேண்டும். பின்னர் மின்சாரத்தினாலே அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகம் வந்தது. அதன்பின் எஞ்சின் சீராக ஓடாமை, கியர் மாறுகையில் அதிர்தல் முதலிய குறைகளிற் பல இரும்பினாலன்றி எழுத்தினாலே தீர்க்கப்பட்டன. செருகுவாயினூடாகப் புதிய கட்டளைத் தொகுதியை அனுப்பினால் வண்டி திருந்திவிடும்.

ஆனால் இவ்வெழுதுகோல் யாருடைய கையில் இருந்தது? ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக்கருவியைச் செய்து, தன் முகவர்களுக்கே அளித்தது. தெருமுனையிற் பணிமனை வைத்திருப்பவர் பழுதை அறியலாம், தீர்க்க இயலாது. மருந்து இன்னதென்று தெரிந்தும் மருந்துச்சாலையின் கதவு பூட்டப்பட்டிருந்தால் வைத்தியர் என்ன செய்வார்? வண்டி முகவரிடமே செல்லவேண்டியதாயிற்று. சிறு தொழிலாளியின் சீவியமும், வண்டிச் சொந்தக்காரரின் பணப்பையும் இதனாற் பாதிப்புற்றன. திருத்துதல் எளிதல்லாதபோது, நச்சுப்புகையை வெளியிடும் வண்டிகள் திருத்தப்படாமலே ஓடும் என்பதையும் அரசாங்கங்கள் உணர்ந்தன.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2002ஆம் ஆண்டில் ஜே 2534 என்னும் நியமத்தை வெளியிட்டது. 2004ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, புகைக்கட்டுப்பாட்டோடு தொடர்புடைய கணினிகளை மீள எழுதும் வசதியை இந்நியமத்துக்கு அமைந்த எந்தக் கருவியைக் கொண்டும் பெறக்கூடியதாக நிறுவனங்கள் வழங்குதல் வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. இந்நியமத்தின் உட்கருத்து மிக எளியது. வண்டியை ஆக்கிய நிறுவனம் தன் மென்பொருளை எழுதுகின்றது. துபாஷிப் பெட்டியை ஆக்கியவர் வேறொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கலாம். திற, இணை, அனுப்பு, பெறு, மூடு என்பன போன்ற சில கட்டளைகளுக்கு இருவரும் ஒரே பெயரும் ஒரே பொருளும் கொள்வார்களாயின், எந்த நிறுவனத்தின் மென்பொருளும் எந்தப் பெட்டியோடும் பேசலாம். இக்கட்டளைகளைத் தாங்கி நிற்பது, பெட்டியை ஆக்கியவர் கணினியிற் பதித்துத் தரும் ஒரு நிரல் நூலகமாகும். விண்டோஸ் இயங்குதளத்தின் பதிவேட்டில் அதன் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்டிருக்கும். வண்டி நிறுவனத்தின் மென்பொருள் அப்பதிவேட்டைப் பார்த்தே, இங்கே எந்தத் துபாஷி இருக்கின்றார் என்று அறிந்துகொள்ளும்.

இவற்றையெல்லாம் கண்காணிப்பதே முகாமை மென்பொருளின் கடமையாகும். பெட்டிக்குள்ளே நிலையாக உறையும் நிரல், கணினியிலுள்ள நூலகம், இரண்டையும் இணைக்கும் சாரதி நிரல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்த பதிப்புகளாக இருக்கின்றனவா என்று அது பார்க்கின்றது, பழையதைப் புதுப்பிக்கின்றது. வெளியாருக்குப் புலப்படாத இந்த வேலை தவறினால், புலப்படும் வேலைகள் அனைத்தும் தவறிவிடும்.

புதுப்பித்தல் ஏன் ஓயாது தொடர்கின்றது? காரணங்கள் நான்கு.

முதலாவது, நியமமே வளர்ந்தது. 02.02 எனப்பட்ட தொடக்கப் பதிப்பில், பெட்டியைத் திறத்தல், மூடுதல் என்னும் தனிக் கட்டளைகள் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 04.04 பதிப்பிலே அவை சேர்ந்தன. பதிவேட்டில் எழுதவேண்டிய இடமும் மாறியது. புதிய பதிப்பை எதிர்பார்க்கும் மென்பொருள் பழைய நூலகத்தை அழைத்தால், துபாஷி வீட்டில் இருந்தும் அவர் இல்லையென்றே விடை கிடைக்கும்.

இரண்டாவது, கணினியின் இயங்குதளம் மாறிக்கொண்டே வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. பதிப்புக்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரிலில் முடிந்தது. ஏழாம் பதிப்புக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும், பத்தாம் பதிப்புக்குப் பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபரிலும் முடிவுற்றன. 04.04 பதிப்பு 32 பிட் நூலகத்தையே விதித்தது. பின்னர் 64 பிட் கணினிகள் எங்கும் பரவின. 64 பிட் நிரலொன்று 32 பிட் நூலகத்தைத் தன்னுள் ஏற்றிக்கொள்ள இயலாது. 32 பிட் நிரல்களுக்கான பதிவுகளையும் 64 பிட் விண்டோஸ் வேறு அறையிலே வைக்கின்றது. சாரதி நிரல்களில் உரிய ஒப்பம் இல்லாவிடின் அவற்றை ஏற்கவும் அது மறுக்கின்றது. நேற்றுவரை ஒழுங்காக வேலைசெய்த பெட்டி, கணினியை மாற்றிய மறுநாளே ஊமையாவதன் காரணம் பெரும்பாலும் இதுவேயாகும்.

மூன்றாவது, வண்டிகள் புதுமொழிகளைப் பேசத் தொடங்கின. பொஷ் நிறுவனம் 2012ஆம் ஆண்டிற் கான் முறையின் விரைவான வடிவத்தை வெளியிட்டது. ஈதர்நெட் கம்பியினூடாகவே வண்டியோடு பேசும் முறைக்குச் சருவதேச நியமமும் எழுந்தது. பெட்டியின் மின்சுற்று இடங்கொடுக்குமாயின், புதிய நிரலைப் புகட்டி அதற்குப் புதுமொழி கற்பிக்கலாம். மின்சுற்று இடங்கொடாவிடின் எத்தனை புதுப்பித்தலும் பயனற்றது. பெட்டியையே மாற்றுதல் வேண்டும்.

நான்காவது, நேரம் பற்றியது. இரண்டு கணினிகள் பேசுகையில் வினாவுக்கும் விடைக்கும் இடையே விநாடியின் ஆயிரத்திலொரு பங்குகளாக எண்ணப்படும் கால எல்லை உண்டு. விடை சற்றே தாமதித்தால், கேட்டவர் தொடர்பு அறுந்ததென்று கருதி விலகிவிடுவார். பழுதுக்குறியை வாசிக்கும்போது இப்படி நேர்ந்தாற் பெருநட்டமில்லை; மீண்டும் கேட்கலாம். மீள எழுதும்போது நேர்ந்தால் நிலைமை வேறு. பழைய எழுத்து அழிக்கப்பட்டுவிட்டது; புதிய எழுத்து முற்றுப்பெறவில்லை. அந்நிலையில் எஞ்சினை ஆளும் கணினி அறிவிழந்த பொருளாகிவிடக்கூடும். ஓடிவந்த வண்டி தள்ளிக்கொண்டு போகவேண்டிய வண்டியாகும். உறுதிநிலை என்று நூல்கள் கூறும் சொல்லின் பொருள் பணிமனையில் இதுவேயாகும்: தொடங்கிய எழுத்தை எழுதி முடிக்கும் வல்லமை.

இதனாலேயே அனுபவமுள்ள தொழிலாளர் சில ஒழுக்கங்களைக் கைக்கொள்கின்றனர். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையையும், வண்டியை மீள எழுதும் வேலையையும் அவர்கள் ஒன்றாகக் கலப்பதில்லை. வாடிக்கையாளர் வாசலிற் காத்திருக்கும்போது அவர்கள் புதுப்பிப்பதில்லை. முன்னைய பதிப்பின் நிறுவற்கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கின்றனர். புதியது பிழைத்தாற் பழையதற்குத் திரும்புவதற்கு அதுவே வழியாகும். புதுப்பித்த பின்னர், நன்கு பழகிய வண்டியொன்றிற் செருகிப் பழுதுக்குறிகளை வாசித்துப் பார்த்து, அதன் பின்னரே பெருவேலையைத் தொடுகின்றனர். மீள எழுதும்போது பற்றரிக்கு நிலையான மின்னழுத்தம் வழங்கும் கருவியை இணைக்கின்றனர். கணினியைத் தன் சொந்தப் பற்றரியில் விடுவதில்லை. கம்பியில்லாத் தொடர்பினும் கம்பித் தொடர்பையே விரும்புகின்றனர். கணினி இடைநடுவே உறங்கிப்போகாதவாறும், இயங்குதளம் தன்பாட்டிற் புதுப்பிக்கத் தொடங்காதவாறும் தடுத்து வைக்கின்றனர். பார்ப்பதற்கு இவை சிறு காரியங்கள். ஒரு குடும்பத்தின் ஒரேயொரு வண்டி, கூலிக்கு ஓடி அடுப்பெரிக்கும் வண்டி, அவர் கையில் இருக்கும்போது இவற்றிற் சிறியது எதுவுமில்லை.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். புகழ்பெற்ற துபாஷிப் பெட்டிகளைப் பார்த்துச் செய்த மலிவான பிரதிகள் சந்தையிற் பெருகியுள்ளன. இ.எல்.எம். 327 என்ற பெயருடைய கனடா நாட்டுச் சிப் இதற்குப் பெயர்போன உதாரணமாகும். அதன் பிரதிகள் பலவற்றில், தாம் ஆதரிப்பதாகக் கூறும் கட்டளைகளிற் சில வேலை செய்வதில்லை. குறியை வாசிப்பதற்கு அவை ஒருவாறு உதவலாம். எழுதுவதற்கு அவற்றை நம்புதல் தகாது. மூலப் பெட்டிக்குரிய புதுப்பித்தலைப் பிரதியிற் செலுத்தியதால் முற்றாக முடங்கிப்போன கருவிகளும் உண்டு. வாங்கும் விலை குறைவாயினும், பராமரிப்பார் இல்லாத கருவிக்கு நாளடைவிற் கொடுக்கும் விலை பெரிது.

இனி, இந்த வரலாற்றின் உரிமைப் பக்கத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டில் இயற்றிய 715ஆம் இலக்க விதி, வண்டி திருத்துவதற்கான தகவல்களைச் சுயாதீனமான பணிமனைகளுக்கும் வழங்குதல் வேண்டுமெனக் கூறியது. மீள எழுதுவதற்கு ஜே 2534 அல்லது சருவதேச நியம நிறுவனத்தின் 22900 என்னும் நியமங்களே அங்கும் அடிப்படையாயின. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலே 2012ஆம் ஆண்டு நவம்பரில், திருத்தும் உரிமை பற்றிய பிரேரணை பொதுமக்களின் வாக்குக்கு விடப்பட்டுப் பெரும்பான்மையாக நிறைவேறியது. 2018ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து, தனியுரிமை இல்லாத நியமக் கருவியினூடாகவே வண்டியின் பரிசோதனைத் தகவல்களைப் பெறக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பொறியியலாளர் எழுதிய ஒரு நியமத்தின் இலக்கம் மக்களின் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது நினைவில் வைக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

கதவு திறந்தது, ஆனால் திறந்தபடியே நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில், வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் வண்டிகள் பரிசோதனைச் சாலையில் ஒரு விதமாகவும், வீதியில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தமை பகிரங்கமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வண்டிகள் இதிற் சம்பந்தப்பட்டிருந்தன. வண்டியின் உள்ளிருக்கும் எழுத்தை வெளியார் வாசிக்க இயலாதாயின், பொய்யும் அதனுள்ளே குடியிருக்கலாம் என்பதை உலகம் அன்று கண்டது. அதே வேளையிலே, தொலைவிலிருந்து வண்டியின் கணினிக்குள் அந்நியர் புகுந்துவிடலாம் என்ற அச்சமும் நியாயமானதென நிரூபிக்கப்பட்டது. ஆகவே நிறுவனங்கள் சில, செருகுவாய்க்கும் உட்கணினிகளுக்கும் நடுவே காவல் வாயிலொன்றை அமைத்தன. உரிய அனுமதியைப் பெற்றவரே அதனைக் கடக்கலாம். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு இயற்றிய 155ஆம், 156ஆம் விதிகள் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அமுலுக்கு வந்தன. முன்னது வண்டிக் கணினிகளின் பாதுகாப்பைப் பற்றியது. பின்னது அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒழுங்கைப் பற்றியது.

காவல் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் காவலின் பெயராலே திறவுகோல் ஒருவர் கையிலேயே தங்கிவிடுமாயின், 1990களில் நின்ற இடத்துக்கே நாம் திரும்பியவர்களாவோம். மசாசுசெற்ஸ் மக்கள் 2020ஆம் ஆண்டில் மறுபடியும் வாக்களித்து, கம்பியில்லா முறையில் வண்டி அனுப்பும் தகவல்களிலும் உரிமை கோரினர். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வரையில் அதனை ஆதரித்தனர். அச்சட்டத்தை எதிர்த்த வழக்குப் பல ஆண்டுகள் நீடித்தது. பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்காது ஒருங்கே வாழும் வழியை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது.

இந்தத் தேட்டம் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. நமது தீவின் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெருந்தொகையானவை ஜப்பானிலே பாவிக்கப்பட்டு இங்கே வந்தவை. அந்நாட்டுச் சந்தைக்கென ஆக்கிய பழைய வண்டிகள் சிலவற்றில், செருகுவாய் ஒரே வடிவில் இருந்தும் பொதுமொழி முழுமையாக இல்லை. பொதுக்கருவியைச் செருகிய தொழிலாளி, விடை வராததைக் கண்டு வண்டியின் மீதோ தம் அறிவின் மீதோ ஐயங்கொள்கின்றார். குறை இரண்டிலும் இல்லை. துபாஷிக்கு அம்மொழி தெரியவில்லை, அவ்வளவே. இந்த உண்மையை அறிந்தவர், கழற்றவேண்டாத பாகத்தைக் கழற்றி, மாற்றவேண்டாத பொருளுக்கு வாடிக்கையாளரிடம் விலை பெறமாட்டார்.

நேயர்களே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் எரியும் கண்களிலே தொடங்கிய கதை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓலைக் கொட்டிலின் கீழே கையில் எண்ணெய்க் கறையோடு கணினியைப் பார்த்து நிற்கும் இளைஞரிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. அவருடைய தந்தை ஸ்குறூ ட்றைவரைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் திரையில் வாசிக்கின்றார். கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை. வண்டி உண்மையிற் கூறுவது யாதென்று பொறுமையோடு கேட்பதே அன்றும் இன்றும் அத்தொழிலின் அறம். அதற்குத் துபாஷி நேர்மையானவராகவும் காலத்தோடு ஒத்துக் கற்பவராகவும் இருத்தல் வேண்டும். அவரைப் பராமரிக்கும் பணி கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே அது மறக்கப்படுகின்றது. அடுத்த தடவை உங்கள் வண்டியைத் திருத்தக் கொடுக்கும்போது, கருவியைப் புதுப்பித்துப் பரிசோதித்த பின்னரே தொடங்குவேன், நாளைக்கு வாருங்கள் என்று தொழிலாளி கூறுவாராயின், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒருநாட் தாமதம், அவர் உங்கள் வண்டிக்குச் செய்யும் முதல் வைத்தியம்.